பந்திக்கு வந்த ராஜாசரஸ்

வந்தால் சமையல்கட்டுப் பக்கமாகத்தான் வரும். ரத்த வாடை அங்கேதான், விடியற்காலையில் அறுத்த கிடாய்களின் தோலும் குடலும் ஈ மொய்த்துக் கிடப்பதும் அங்கேதான், வாசல் பக்கம் பன்னீர் தெளித்துச் சந்தனம் நீட்டிக்கொண்டிருக்க எந்த மிருகம் மெனக்கெட்டு அந்த வழியாக வரப்போகிறது என்று இலையில் தண்ணீர் தெளித்தபடி சுகந்தி நினைத்துக்கொண்டாள். திருமங்கலத்து மண்டபத்தில் இரண்டாம் பந்தி அப்போதுதான் உட்கார்ந்திருந்தது. நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து, கறி விருந்து. உட்கார்ந்தவர்களைவிட நின்றவர்கள் அதிகம். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டு ஒரு ஆள், அவள் முதுகுக்குப் பின்னாலும் ஒரு வெள்ளைச்சட்டைக்காரர், அவருடைய மூச்சு அவள் பிடரியில் பட்டது. இடப்பக்கம் மகள் சங்கவி. வலப்பக்கம் மகன் முகிலன், ஏழு வயது. அவனுக்கு அந்தப் பக்கம் மூத்த ஓரகத்தி ஜோதிமணி, திருப்பூரிலிருந்து வந்தவள், பட்டுச்சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பையனுக்குக் கறி பிய்த்துக் கொடுக்க இப்போதே தயாராக இருந்தாள். பந்தி முடிந்ததும் பெரிய மாமா கேட்பார். மாமனாரின் அண்ணன், குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பிள்ளையில்லாத ஜோதிமணிக்கு முகிலனைக் கொடுத்துவிடுவதா இல்லையா என்று கேட்பார். புருஷன் பாலகுரு ஏற்கெனவே தலையாட்டிவிட்டான், ஆட்டுவதற்கென்றே செய்த தலை அது. “நீ ஒண்ணும் சொல்ல வேணாம், வாயத் தெறக்காம இருந்தாலே போதும், சம்மதம்னு எடுத்துக்குவாக” என்றும் நேற்றே சொல்லிவிட்டான். சுகந்தி இன்னும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

காலையில் பஸ்ஸில் திறந்தாள், அதுதான் வினை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த முகிலன் திடீரென்று கேட்டான், “ம்மா, ராஜாசரஸ் வந்துச்சுன்னா என்னைய மொதல்ல தூக்குவியா, அக்காவ மொதல்ல தூக்குவியா?” டைனோசர் பைத்தியம் அவன். ராஜாசரஸ் நம்ம நாட்டு டைனோசராம், குஜராத்தில் எலும்பு எடுத்தார்களாம், தலையில் ஒரு மொட்டைக் கொம்பாம், கையெல்லாம் சும்மா பேருக்குத்தானாம், மொத்தமும் வாய்தானாம். தூக்கக் கலக்கத்தில் அவள் சொல்லிவிட்டாள், “அக்காவ நான் தூக்கிக்கிறேன், ஒன்னையப் பெரியம்மா தூக்கிக்கிருவாங்க.” அவன் அழுதிருக்கலாம். அக்காவுக்கு வைத்த இட்லி தன் இட்லியைவிடப் பெரிதாக இருந்தால் தெருவே கூடும்படி கத்துகிறவன், இதற்கு ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சரி அவள் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது, முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதற்காகத்தான் இதெல்லாம். ஒரே ஒரு தடவை மனசுக்குள் அதை வரவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிக் காட்டிவிட்டால் போதும், சொன்ன சொல் செல்லாமல் போய்விடும். பிரியாணி வாளிக்காரர் ‘கறி வேணுமா, கறி வேணுமா’ என்று கத்திக்கொண்டு வந்தார், அவள் வேண்டாம் என்பதற்குள் இலையில் ஒரு மலை விழுந்தது, ஆவி முகத்தில் அடித்தது, சரி, வரட்டும். சமையல்கட்டின் தகரக் கதவு உள்பக்கமாக மடங்கி விழும், முதலில் தலை, அந்த மொட்டைக் கொம்பு, ஒரு மினி லாரி நீளத்துக்கு உடம்பு, வாளிக்காரர் திரும்பிப் பார்க்கக்கூட நேரமிருக்காது, இடுப்போடு கவ்வித் தூக்கி ஒரு உதறு, மேல்பாதி மூன்றாம் வரிசை இலைகளின் மேல் வந்து விழும், கை மட்டும் இன்னும் வாளியை விடாமல். அலறல். நாற்காலிகள். சுகந்தி எழுகிறாள், கையை நீட்டுகிறாள், சங்கவியைப் பிடித்துவிட்டாள், பிடித்துக்கொண்டு ஓடுகிறாள், வாசலைத் தாண்டின பிறகுதான் தெரிகிறது வலது கை வெறுங்கை என்று. ஏன்? இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். வலது கை சோற்றில் கிடந்தது. எச்சில் கை. எச்சில் கையோடு பிள்ளையைத் தொடுவதா என்று, உலகமே இரண்டாகக் கிழிந்துகொண்டிருக்கும்போது, அந்தக் கை ஒரு நொடி தயங்கியிருக்கிறது, சேலையில் துடைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறது. இப்படி ஒரு காரியத்தை எந்த ஊர்ப் பொம்பளையாவது செய்வாளா? செய்திருக்கிறாளே. அந்த ஒரு நொடியில் முகிலனை அது எடுத்துவிட்டது. எப்படி எடுத்தது என்பதையும் மனசு காட்டத்தான் செய்தது, அவள்தான் வேண்டாம் வேண்டாம் என்று பிரியாணியைப் பிசைந்தாள்.

“பெரியம்மா, நல்லி” என்றான் முகிலன். ஜோதிமணி எலும்பை இலையோரத்தில் தட்டி, உறிஞ்ச வழி பண்ணி, அவன் வாயில் வைத்தாள். எத்தனை பதமாகச் செய்கிறாள் பார், கை நடுங்காமல், தன் வயிற்றில் சுமந்தவள்போல. சுமந்தது யார்? முகிலனுக்கு முன்னால் இரண்டு ஆண் குழந்தைகளைச் சுமந்ததும், இரண்டையும் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்ததும் யார்? மூன்றாவதாக இவன் பிறந்து, இவனும் நீலம் பாரித்து மூச்சு இழுத்தபோது, பெரிய மாமாதான் சொன்னார், இவளுக்கு ஆம்பளப் பிள்ளை தங்காது, தவுட்டுக்கு வித்துருங்க என்று. ஊரில் செய்வதுதான். சாவு கதவைத் தட்டி இன்னார் பிள்ளை எங்கே என்று கேட்டால், இது அவள் பிள்ளை இல்லை, இவள் தவிடு கொடுத்து வாங்கின பிள்ளை என்று சொல்லி ஏமாற்றித் திருப்பி அனுப்புவதற்கு. ஜோதிமணி ஒரு முறம் தவிட்டோடு வாசலில் நின்றாள். சுகந்தி தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தாள். ஜோதிமணி அவனை மடியில் போட்டு, முகத்தைப் பார்த்து, திருப்பிக் கொடுக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொன்னாள், “எம்பிள்ளைய நல்லா வளத்துக் குடு சுகந்தி.” எல்லோரும் சிரித்தார்கள், சர்க்கரை கொடுத்தார்கள், தவிட்டை எதிர்வீட்டு மாடு தின்றது. பையன் பிழைத்தான். தவுடு, தவுடு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே வளர்ந்தான். விளையாட்டுக்குச் சொன்னது என்றுதானே அன்றைக்கு எல்லோரும் நினைத்தோம், விளையாட்டில்லையா அது? போன மாதம் ஜோதிமணி வந்து, கண்ணில் தண்ணீரோடு, சத்தமே இல்லாமல் கேட்டாள், “நான் ஒம்பிள்ளையக் கேக்கல சுகந்தி, எம்பிள்ளையத்தான கேக்குறேன், வளத்தது போதும், குடு.” இல்லை, இவன் என் பிள்ளை என்று சுகந்தி வாய்விட்டுச் சொன்னால், அது எங்கோ ஒரு காதில் விழுமே. ஏமாந்து திரும்பிப் போனது ஏமாந்தது தெரிந்து திரும்பி வருமே. சுகந்தி படித்தவள்தான், பன்னிரண்டாவது வரை விலங்கியல் படித்தவள், நம்புகிறாயா என்று கேட்டால் சிரிப்பாள், ஆனால் இரண்டு பிள்ளைகளை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

இந்தத் தடவை வலது கை. முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டாள், எச்சிலாவது மண்ணாவது. தகரக் கதவு விழுகிறது, இந்தத் தடவை இரண்டு, பின்னால் இன்னொன்று சுவரையே பெயர்த்துக்கொண்டு வருகிறது, எண்ணெய் அண்டா கவிழ்ந்து சமையல்காரர்கள் மேல் கொட்டுகிறது, கொதிக்கிற எண்ணெயில் தோல் வழுக்கி வருகிற நாற்றத்தைக்கூட அவளால் முகர முடிந்தது, அல்லது அது கோலா உருண்டையா, யாரோ இலையில் இரண்டு வைத்தார்கள். வலது கையால் முகிலனை அள்ளிவிட்டாள். பிரியாணி ஒட்டின கையால் கழுத்தோடு அள்ளி, மேஜைக்கு அடியில் புகுந்து, தவழ்ந்து, கால்கள், செருப்புகள், ரத்தம் வழிந்து வழுக்குகிற தரை, பிடித்துக்கொண்டாள், பிடித்தேவிட்டாள், “ம்மா, மூச்சு முட்டுது” என்கிறான் அவன், முட்டட்டும். பின்னால் “அம்மா” என்று ஒரு சத்தம். சங்கவி. சங்கவிக்குக் காலை ஊன்ற முடியவில்லை, முட்டிக்குக் கீழே காலே இல்லை, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வருகிறவள் கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து வருகிறாள், கண் அம்மாவையே பார்க்கிறது, வலியைவிட அந்தக் கண்ணில் ஆச்சரியம்தான் அதிகம், என்னை விட்டுட்டா போற என்று. அவளுக்கு மேலாக அது குனிகிறது. நிதானமாகக் குனிகிறது, அவசரமே இல்லை, பந்தியில் உட்கார்ந்தவனுக்கு என்ன அவசரம். தலையைத்தான் முதலில். முறுக்குக் கடிக்கிற சத்தம். சுகந்திக்கு வாயில் இருந்தது இறங்கவில்லை. தண்ணீரைக் குடித்தாள். பக்கத்தில் உயிரோடு, முழுசாக, இரண்டு காலோடு உட்கார்ந்திருந்த சங்கவி முட்டையின் மஞ்சள் கருவைத் தனியாக எடுத்து அம்மா இலையில் வைத்தாள். “என்னம்மா இப்பிடிப் பாக்குற?” “ஒண்ணுமில்ல, சாப்புடு.” “எனக்குப் பயமா இருக்கு, நீ பாக்குறது.”

பயமாகத்தான் இருக்கும். இப்போது யாராவது சுகந்தியின் மண்டைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் வாந்தி எடுத்திருப்பார்கள். ஏழெட்டுத் தடவை அந்தக் கதவை விழவைத்துவிட்டாள். ஒரு தடவை பாலகுருவைக் கூப்பிட்டுப் பார்த்தாள், அவன் கை கழுவும் தொட்டியருகே நின்று தன் அண்ணன், ஜோதிமணியின் புருஷன், முகத்தைப் பார்த்தான், ஓடலாமா அண்ணே என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு தடவை பெரிய மாமா கைத்தடியைத் தூக்கிக்கொண்டு நடுவே போய் நின்றார், அவர் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள் அல்லவா, அதுவும் கேட்கும் என்று நினைத்தாரோ என்னவோ, தடியோடு சேர்த்து விழுங்கியது. பின்னால் நின்ற வெள்ளைச்சட்டைக்காரர் மட்டும் எத்தனை தடவை வந்தாலும் சாகவில்லை, அவள் எழுந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை போகிறது. இரண்டையும் பிடித்தால் அவளே போகிறாள், அவள் போனால் பிள்ளைகள் அவள் கைக்குள்ளேயே போகிறார்கள். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது, வந்தது என்று சொல்வதற்கில்லை, இவ்வளவு நேரமும் இலைக்கு அடியில் கிடந்திருக்க வேண்டும். அதற்கு எதையாவது கொடுத்தால் நிற்கும். பசிதானே. தகரக் கதவு விழுகிறது, சுகந்தி எழுகிறாள், பிள்ளைகளைத் தொடவே இல்லை, நேரே முகிலனைத் தாண்டிக் கையை நீட்டி ஜோதிமணியின் கொண்டையைப் பிடிக்கிறாள். மல்லிகைப்பூவோடு சேர்த்துப் பிடித்து, இழுத்து, அந்த வாய்க்கு நேரே தள்ளுகிறாள். பட்டுச்சேலை கிழிகிறது. தோளிலிருந்து கை தனியாக வருகிறது, அந்தக் கை, நல்லியைத் தட்டிக் கொடுக்கிற அந்தப் பதமான கை. அய்யோ, என்ன சுகமாக இருந்தது. சுகந்திக்கு உடம்பெல்லாம் லேசாகி, வியர்வை குளிர்ந்து, பல நாளைக்குப் பிறகு பசி எடுத்தது. இன்னொரு தடவை தள்ளினாள். சீ என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் தள்ளினாள், இந்தத் தடவை குடல்.

அதற்குப் பிறகு வந்ததை அவள் வரவழைக்கவில்லை. சத்தியமாக இல்லை. கதவு விழுந்தது, அவள் கொண்டையைப் பிடிக்கக் கையை நீட்டினாள், அங்கே ஜோதிமணி இல்லை. ஜோதிமணி அதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டாள். முகிலனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், யார் நினைத்தார்கள் அவளால் இப்படி ஓட முடியும் என்று, மேஜைமேல் ஏறி, இலைகளை மிதித்து, மணமகள் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறாள். அந்தக் கதவு இரும்பு. சுகந்தி சங்கவியை இழுத்துக்கொண்டு போய்க் கதவில் அறைகிறாள், “அக்கா, தெறங்கக்கா, அக்கா.” பின்னால் அது வருகிறது, மூச்சு பிடரியில் படுகிறது. உள்ளே முகிலன் அழுகிறான், உயிரோடு அழுகிறான், முழுசாக அழுகிறான். இவ்வளவு நேரத்தில், அவள் யாரையும் விட்டுவிடாமல், யாரையும் தள்ளிவிடாமல் அவன் பிழைத்தது இந்த ஒரு தடவைதான். தாழ்ப்பாளில் ஜோதிமணியின் கை படுகிற சத்தம் கேட்கிறது, திறக்கப் போகிறாள், அவளுக்கு இளகின மனசு. சுகந்தி வாயைத் திறக்கிறாள், தெறக்காதக்கா என்று கத்துகிறாள். தெறக்காத. கத்தினது வெளியே கேட்டுவிட்டதோ என்று திடுக்கிட்டு இலையைப் பார்த்தாள், யாரும் திரும்பவில்லை, ரசம் வந்துகொண்டிருந்தது. இதை அவள் எப்படியாவது அழிக்கப் பார்த்தாள். ஜோதிமணியைத் தடுக்கி விழச் செய்தாள், விழுந்தாலும் எழுந்து ஓடினாள். கதவை மரக்கதவாக்கினாள், ஜோதிமணி முதுகைக் கொடுத்து அடைத்துக்கொண்டாள். பெற்றவள் நான் தடுமாறுகிறேன், தவிடு கொடுத்தவள் தடுமாறவே மாட்டேனென்கிறாளே, இது என்ன நியாயம். அவளுக்கு ஒரு பிள்ளைதான், அதனால்தான் இரண்டு கையும் அவனுக்கே இருக்கிறது, எனக்கும் ஒன்றுதான் என்றால் நானும் ஓடியிருப்பேன் என்று வாதாடினாள். யாரிடம்? கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. அவளை அவளேதான் சும்மா விடவில்லை.

“என்ன சுகந்தி, வச்சது வச்சபடி இருக்கு?” நிஜமான குரல், நிஜமான ஜோதிமணி. “காலையிலயும் ஒண்ணும் திங்கல நீ. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், மொகமெல்லாம் செத்துப்போய்க் கெடக்கு. இந்தா, ஈரல், ஆ காட்டு.” முகிலன் தலைக்கு மேலாகக் கை நீண்டு வந்தது. மோதிரம் போட்ட கை, ஈரல் துண்டு, மசாலா ஒட்டின விரல்கள். ஊட்டிவிடுகிறாள். பங்காளி வீட்டுப் பெண்கள் நாலு பேர் சிரித்தபடி பார்த்தார்கள், ஓரகத்திகள் இப்படி இருந்துவிட்டால் குடும்பத்தில் சண்டை ஏது என்று ஒருத்தி சொன்னாள். சுகந்தி வாயைத் திறந்தாள். ஈரல் நாக்கில் பட்டது, மிளகுக் காரம், அதற்குப் பின்னால் விரல் பட்டது, விரலின் உப்பு பட்டது, பல் மூடியது. மூடின உடனே திறந்திருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது, இவ்வளவு நேரம் மனசுக்குள் கிழித்ததையெல்லாம்விட நிறைய நேரம் இருந்தது, இது விரல், இது ஜோதிமணி அக்காவின் விரல், விடு என்று தெளிவாக, பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்கிற மாதிரி யாரோ உள்ளே சொன்னார்கள், ஆனால் தாடை அவள் பேச்சைக் கேட்கவில்லை. இன்னும் அழுத்தியது. தோல் கொடுத்தது, நரம்பு வழுக்கியது, எலும்பில் போய்ப் பல் நின்றது. ஆரம்பத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு சிரிப்பு நின்றது. “ஏ சுகந்தி, ஏ, ஏ” என்றாள் ஜோதிமணி, கத்தவில்லை, கையை இழுக்கவும் இல்லை, இழுத்தால் கிழிந்துவிடும் என்று தெரிந்ததோ என்னவோ. சங்கவிதான் கத்தினாள், “அம்மா, விடும்மா, விடு!” வெள்ளைச்சட்டைக்காரர் பின்னாலிருந்து நாற்காலியோடு அவளை இழுத்தார். வாய் திறந்தது. ரத்தம் முகிலனின் இலையில், பிரியாணியில், அவன் சட்டைப் பையில் சொட்டியது.

முகிலன் நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கினான். அவன் சுகந்தி பக்கம் வரவில்லை. ஜோதிமணியின் முதுகுக்குப் பின்னால் போய், இரண்டு கைகளாலும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சேலைக்கு ஓரமாக ஒரு கண்ணை மட்டும் வைத்துத் தன் அம்மாவைப் பார்த்தான். அம்மாவின் வாயைப் பார்த்தான். சுகந்தி கையின் பின்புறத்தால் வாயைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்கச் சிவப்பாகத்தான் இருந்தது. “வாடா” என்று கூப்பிட நினைத்தாள், வாயைத் திறந்தாலே அவன் இன்னும் ஒட்டிக்கொள்வான் என்று தெரிந்தது, கூப்பிடவில்லை. ஜோதிமணி முந்தியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு மற்ற கையைப் பின்னால் கொண்டுபோய் அவன் தலையைத் தடவினாள். “ஒண்ணுமில்லடா தங்கம். அம்மா காலையிலருந்து சாப்பிடல, பசியில இருக்கா.” வாசலில் இருந்து பெரிய மாமா தடியை ஊன்றிக்கொண்டு வேகமாக வந்தார், பின்னாலேயே பாலகுரு. “என்னத்தா சத்தம்? கையில என்ன ரத்தம்?” பார்த்தவர்கள் எல்லோரும் சுகந்தியைப் பார்த்தார்கள், ஒருத்தி சொல்ல வாயெடுத்தாள். “நல்லி எலும்பு கிழிச்சிருச்சு மாமா” என்றாள் ஜோதிமணி, “நீங்க போங்க, பந்தி நடக்கட்டும்.”

பெரிய மாமா போகவில்லை. தடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சுகந்தியைப் பார்த்து நின்றார், கேட்பதற்கு வந்தவர் கேட்காமல் நின்றார். சுகந்தி எழுந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, வயிறுதான் காலியாக வலித்தது, இரண்டு தடவை வெள்ளைத் துணி கொடுத்த நாட்களில் வலித்த அதே இடத்தில். ஜோதிமணிக்குக் கிட்டே போகாமல், பையன் மிரளாத தூரத்தில் நின்றுகொண்டாள். “அக்கா” என்றாள். “காச்சல் வந்தா அவனுக்கு நெத்தியத் தொட்டுப் பாக்காதீக. நெத்தி சுடாது. உள்ளங்கால்ல தொட்டுப் பாருங்க, அங்கதான் மொதல்ல சுடும்.” ஜோதிமணி விரலைச் சுற்றின முந்தியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு, முகிலன் தலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

“வேற என்ன சுகந்தி, சொல்லு.”

சுகந்தி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.